பட்டத்தின் மதிப்பெண்ணும் மருத்துவக் கல்லூரியின் வாசலும்

அல்சூரிலிருந்து ஓர் அம்மையார் நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருப்பதால் செய்தியை மட்டும் சொல்கிறேன்.

அவருடைய மூத்த மகள் 2022ஆம் ஆண்டில் பி.யூ.சி. தேறினாள். இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றிலும் சேர்த்து 300க்கு 183 மதிப்பெண். அவ்வாண்டு எழுதிய நீட் தேர்வில் 720க்கு 312. இடம் கிடைக்கவில்லை. அழுது ஓய்ந்தபின் பி.எஸ்ஸி. வகுப்பில் விலங்கியலும் வேதியியலும் எடுத்துச் சேர்ந்தாள். மனம் அதில் ஒட்டவில்லை. இரண்டு தாள்களில் தவறி, மறுபடி எழுதி, 2025இல் ஒருவாறு பட்டத்தை முடித்தாள். இப்பொழுது, “டாக்டருக்குத்தான் படிப்பேன்” என்கிறாளாம். இதைக் கேள்வியுற்ற கொழுந்தனார் மகன் அமெரிக்காவிலிருந்து தொலைபேசியில் அழைத்து, “பெரியம்மா, பட்டத்தில் இவ்வளவு குறைந்த மார்க்கை வைத்துக்கொண்டு மருத்துவக் கல்லூரியை நினைக்கவே கூடாது” என்று சொல்லிவிட்டான். அன்றுமுதல் வீட்டில் பெண் சரியாகச் சாப்பிடுவதில்லை. தகப்பனார் யாரோடும் பேசுவதில்லை. அவன் சொன்னது மெய்தானா என்பதே அம்மையாரின் கேள்வி.

அவன் இருக்கும் நாட்டில் அது பெரும்பாலும் மெய்தான். அமெரிக்காவில் முதலில் ஒரு பட்டம் பெற்று, அதன்பின்னரே மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது வழக்கம். பட்டப் படிப்பின் சராசரி மதிப்பெண்ணை அங்கே துருவித் துருவிப் பார்ப்பார்கள். குறைந்த மதிப்பெண் வாங்கியவர்கள் மேலும் ஓரிரண்டு ஆண்டுகள் அறிவியல் பாடங்களைப் படித்துக் காட்டிக் கறையைக் கழுவ முயல்வதும் உண்டு.

நம் நாட்டு வழி வேறு. இங்கே எம்.பி.பி.எஸ். என்பதே பள்ளிப் படிப்பை அடுத்து வரும் முதற்பட்டம். அதற்குரிய வரிசை நீட் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டே அமைகிறது. பி.எஸ்ஸி.யில் தங்கப் பதக்கம் பெற்றவளும், தட்டுத் தடுமாறித் தேறியவளும் அவ்வரிசையில் ஒன்றே. பள்ளி மதிப்பெண்ணில் மட்டும் ஒரு வரம்பு உண்டு: மேற்சொன்ன மூன்று பாடங்களிலும் சேர்த்து 50 விழுக்காடு, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 விழுக்காடு என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் விதி. இந்தப் பெண் வாங்கியிருப்பது 61. அந்த வாசலை அவள் மூன்றாண்டுகளுக்கு முன்பே கடந்துவிட்டாள். பி.எஸ்ஸி. மதிப்பெண்ணுக்காக அந்த வீட்டில் சிந்திய கண்ணீர் இக்காரியத்தைப் பொறுத்தவரை தேவையற்றது.

வயது கடந்துவிட்டதே என்றும் எழுதியிருக்கிறார். 2018இல் 25 வயது என்றும், ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்றும் உச்சவரம்பு விதித்தார்கள். வழக்கு நீதிமன்றங்களுக்குப் போயிற்று; 2022 மார்ச்சில் தேசிய மருத்துவ ஆணையம் அவ்வரம்பை நீக்கிவிட்டது. அதற்கு முன்னரே, நீதிமன்றத்தின் இடைக்கால ஆணை நடப்பிலிருந்த 2020இல், ஒடிசா மாநிலத்தில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் 64ஆம் வயதில் நீட் தேறி, புர்லாவிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இருபத்தோரு வயதுப் பெண்ணை முதியவளாக்க நாம் யார்?

இவ்வளவும் கதவு திறந்திருக்கிறது என்பதற்குத்தான். உள்ளே இடம் இருக்கிறதா என்பது வேறு கணக்கு. 2025ஆம் ஆண்டில் நீட் எழுதியவர்கள் 22 இலட்சத்திற்கு மேல். தகுதி பெற்றதாக அறிவிக்கப்பட்டவர்கள் 12 இலட்சத்திற்கு மேல். எம்.பி.பி.எஸ். இடங்களோ நாடு முழுவதிலும், தனியார் கல்லூரிகளையும் சேர்த்து, ஓர் இலட்சத்துச் சொச்சம். ஆகவே ‘தகுதி’ என்ற சொல்லைக் கண்டு வீட்டில் பாயசம் வைத்துவிடக் கூடாது. இந்தப் பெண் வாங்கிய 312கூடத் தகுதி மதிப்பெண்தான்.

அடுத்து, நம்மைப் போல ஊர்விட்டு வந்த குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. அரசுக் கல்லூரி இடங்களில் 15 விழுக்காடு அகில இந்தியத் தொகுப்பிற்குப் போகும். எஞ்சியவை அந்தந்த மாநிலத்தாருக்கு. கர்நாடகத்தில் மாநிலத்தார் என்பதற்குத் தாய்மொழியைக் கேட்பதில்லை. முதல் வகுப்பிலிருந்து பி.யூ.சி. இரண்டாம் ஆண்டுக்குள் ஏழு முழுக் கல்வியாண்டுகள் இம்மாநிலப் பள்ளிகளில் படித்திருக்க வேண்டும் என்பதே முக்கியமான விதி. அம்மையாரின் மகள் ஐந்தாம் வகுப்புவரை கிருஷ்ணகிரியில் பாட்டி வீட்டில் வளர்ந்தவள். ஆறாம் வகுப்பிலிருந்து இங்கே படித்திருக்கிறாள். விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், சரியாக ஏழு! நடுவில் ஓராண்டு பாட்டியிடமே இருந்திருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும். பட்டப் படிப்பின் மூன்றாண்டுகள் இக்கணக்கில் சேரமாட்டா. அத்திப்பள்ளியில் குடியிருந்துகொண்டு பிள்ளைகளை ஓசூர்ப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர்கள் இதை இப்பொழுதே யோசித்துவைப்பது நல்லது. தமிழ்நாட்டைப் பூர்விகமாக உடையவர்கள் அங்கே சான்றிதழ்களோடு விண்ணப்பிக்க வழி உண்டு; ஆனால் வேறு மாநிலத்தில் உரிமை கோரியவர்களை அங்கே ஏற்பதில்லை. விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. உறவினர் சொல்லை நம்பாமல், அவ்வாண்டு வெளியாகும் கையேட்டை வரிவரியாகப் படிக்க வேண்டும்.

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு தரகர் வருகிறார். “மார்க்கு ஒரு பொருட்டல்ல, நன்கொடைதான் கணக்கு” என்றாராம். இந்த வியாபாரம் நம் மாநிலத்துக்குப் புதிதன்று. அதைத் தடுக்கவே கர்நாடகம் 1984இல் ஒரு சட்டம் இயற்றிற்று. பின்னர் வெளிமாநில மாணவி ஒருவரிடம் தனியார் மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக்கு 60,000 ரூபாய் கேட்டது உச்ச நீதிமன்றம்வரை சென்றது; அதுவே 1992இல் தீர்ப்பான மோகினி ஜெயின் வழக்கு. அரசு இடத்தில் சேர்ந்தவருக்கு அப்பொழுது கட்டணம் 2,000 ரூபாய்தான். இன்று தனியார் கல்லூரியின் நிர்வாக இடமாயினும் நீட் தேறியவருக்கே, கலந்தாய்வின் வழியாகவே. கலந்தாய்வுக்கு வெளியே இடம் வாங்கித் தருவதாகச் சொல்பவர் கையில் நகை விற்ற பணத்தைக் கொடுப்பது, கிணற்றில் போட்டுவிட்டு நீர் ஊறும் என்று காத்திருப்பதுதான்.

வெளிநாடு அனுப்பலாமா என்று தகப்பனார் யோசிக்கிறாராம். அதற்கும் நீட் தகுதி வேண்டும். திரும்பி வந்து இங்கொரு தேர்வும் எழுதித் தேறவேண்டும். அதை எழுதுவோரில் தேறாதவரே மிகுதி. 2022 மார்ச் முதல் நாள் உக்ரைனின் கார்கிவ் நகரில் குண்டுவீச்சில் மாண்ட மாணவர் நம் ஹாவேரி மாவட்டத்துப் பிள்ளை. பி.யூ.சி.யில் 97 விழுக்காடு வாங்கியும் இங்கே இடம் கிடைக்கவில்லை என்று அவர் தந்தை புலம்பியதை அப்பொழுது செய்தித்தாள்களில் வாசித்தோம். நல்ல மதிப்பெண்ணே இடம் தராத காலத்தில், குறைந்த மதிப்பெண்ணை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எப்படி நியாயம்?

இனி என் கருத்து. பெண்ணுக்கு ஓர் ஆண்டு கொடுங்கள். ஒன்றுக்கு மேல் இப்பொழுது வாக்களிக்க வேண்டாம். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்பது சட்டம். எத்தனை முறை தாங்கும் என்பது அந்த வீட்டின் சக்தி. இளையவன் பத்தாம் வகுப்பில் இருக்கிறான் என்பதை மறந்துவிடலாகாது. அந்த ஓராண்டில் அவளை உறவினர் கலியாணங்களுக்கு அழைத்துச் சென்று, “என்ன செய்கிறாள்?” என்ற கேள்விக்கு ஆளாக்காதீர்கள். தகப்பனார் பேசாமலிருப்பதை விட்டுவிட்டால், பயிற்சி வகுப்புக்குக் கட்டும் பணத்தில் பாதி மிச்சம் என்றே நினைக்கிறேன்.

கடிதத்தின் ஓரத்தில் வேறு கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. பெண்ணே எழுதியிருக்கிறாள்: “எனக்கு இயற்பியல்தான் பயம்.” 180 வினாக்களில் இயற்பியல் 45, உயிரியல் 90. குழந்தாய், உன் பழைய நீட் மதிப்பெண் பட்டியலின் நகலை அனுப்பிவை. பாடவாரியாக நீ எங்கே நின்றாய் என்பது அதில் இருக்கும். நம் சங்கத்தில் இயற்பியல் போதித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார், அவரிடம் காட்டுகிறேன்.