கம்பியில்லாக் கருவி வாங்குமுன்

அடுக்களையிலும் மாடியிலும் நின்று பேச வசதியாயிருக்குமென்று கார்ட்லெஸ் தொலைபேசி வாங்க விழையும் குடும்பத்தார் சிலர் நம்மிடம் யோசனை கேட்கின்றனர். நிறமும் அழகும் பின்னர் ஆகட்டும். மின்சாரம் நின்றால் அது பேசுமா என்பதை முதலில் விசாரியுங்கள்.

இதை நாம் பட்டே அறிந்தோம். ஒரு மழையிரவில், அவஸ்தையாயிருந்த தம் தந்தைக்காக மகன் நம்மைப் பலமுறை அழைத்திருக்கிறார். மின்வெட்டில் நம் கருவி ஊமையாய்க் கிடந்தது. நனைந்தபடி நடந்து வந்து அவர் கதவைத் தட்டிய பிறகே எழுந்தோம்.

கைக்கருவியில் மின்கலம் உண்டே என்பீர்கள். ஆனால் அழைப்பை அதற்கு அனுப்பும் அடிப்பீடம் வீட்டு மின்சாரத்தால் இயங்குவது. பழைய கம்பிக் கருவிக்கோ, செப்புக் கம்பி இணைப்பாயின், தொலைபேசி நிலையமே சுமார் 48 வோல்ட் மின்சாரம் அனுப்புகிறது. ஆதலால் அதையும் ஒரு மூலையில் இணைத்து வையுங்கள். கண்ணாடியிழை இணைப்புள்ள வீட்டில் இந்த உபாயம் பலிக்காது. அங்கே இணைப்புப் பெட்டிக்கும் அடிப்பீடத்திற்கும் இன்வெர்ட்டர் வேண்டும்.

300 மீட்டர் எட்டுமெனப் பெட்டியில் அச்சிட்டிருந்தால், அது வெட்டவெளிக் கணக்கு. வீட்டினுள் 50 மீட்டர் எட்டினாலே பெரிது. தடித்த சுவர்கள் அதையும் குறைக்கும். பாட்டியார் கையில் கொடுத்து, எண்களை அழுத்திப் பார்க்கச் சொன்ன பிறகே விலை பேசுங்கள்.