வளையலை அடகு வைத்து மைக் வாங்கலாமா?

வீட்டிலேயே பாட்டு பதிவு செய்ய ஆசைப்படுவோர் கவனத்துக்கு

தென்காசியில் ஒரு வீடு. மாடியில் சின்னதாக ஓர் அறை. அங்கே பாட்டு பதிவு செய்ய வேண்டும் என்று அந்த வீட்டுப் பையனுக்கு ஆசை. குரல் நன்றாக இருக்கிறது. நண்பன் ஒருவன் கீ-போர்டு வாசிக்கிறான். கம்ப்யூட்டரும் இருக்கிறது. மற்ற சாமான்களுக்குத்தான் பணம் இல்லை.

"எம்மா, உன் வளையலைக் கொஞ்ச நாளைக்கு அடகு வைப்போமா? பாட்டு வெளியே வந்ததும் மீட்டுத் தந்துடுதேன்" என்கிறான் மகன்.

தாய் வளையலைப் பார்க்கிறாள். மகனின் முகத்தையும் பார்க்கிறாள்.

இது ஒரு கற்பனைதான். ஆனால் இந்தக் காலத்தில் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய பேச்சு இது. அந்தத் தாய் என்ன பதில் சொல்ல வேண்டும்?

"வளையல் கையிலேயே இருக்கட்டும்" என்றுதான் சொல்ல வேண்டும். மகனின் ஆசை தவறு என்பதால் அல்ல. அந்த ஆசைக்கு வளையல் தேவையே இல்லை என்பதால்!

ஓட்டல் அறையில் பதிவான பாட்டு

இந்தியாவில் இசைத்தட்டு வியாபாரம் எப்படித் தொடங்கியது தெரியுமா? 1902-ம் ஆண்டு கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பெர்க் என்பவர் கல்கத்தாவுக்கு வந்தார். அங்கே ஓர் ஓட்டல் அறையையே பதிவு நிலையமாக மாற்றினார். கவுஹர் ஜான் என்ற பாடகி பாடினார். பாடி முடித்ததும், "என் பெயர் கவுஹர் ஜான்" என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். அந்தக் குரலை இன்றும் கேட்கலாம்.

அப்போது மைக் கிடையாது. ஒரு பெரிய குழல்தான் உண்டு. அதன் முன்னால் நின்று பாட வேண்டும். குரல் குழல் வழியாகப் போய், சுழலும் மெழுகுத் தட்டில் கோடு கீறும். சத்தம் பெரிதாக இருக்கும் வாத்தியத்தைப் பின்னால் தள்ளி வைப்பார்கள். மெல்லிய குரலைக் குழலின் வாய்க்கு அருகே கொண்டு வருவார்கள். யார் எங்கே நிற்பது என்பதுதான் அன்றைய வித்தை. மைக் மூலம் பதிவு செய்யும் முறை 1925-ம் ஆண்டில்தான் வியாபாரத்துக்கு வந்தது.

இன்று வந்துள்ள கருவிகள் எத்தனையோ. ஆனாலும் அந்தப் பழைய வித்தை மாறவில்லை. எந்த அறை, எவ்வளவு தூரம் என்ற இரண்டும்தான் பதிவின் பாதி. இந்த இரண்டுக்கும் கடையில் விலை இல்லை!

கை தட்டிப் பாருங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் மைக்கைத் தேடுகிறார்கள். முதலில் தேட வேண்டியது அறையை.

வெறும் சிமெண்டு சுவர், வழவழப்பான தரை, ஜன்னல் கண்ணாடி என்று இருக்கும் அறையில் நடுவே நின்று ஒரு முறை கை தட்டினால் போதும். 'டங்' என்று சத்தம் திரும்பி வரும். அந்த எதிரொலி பாட்டிலும் ஏறிக்கொள்ளும். எவ்வளவு விலை உயர்ந்த மைக்காக இருந்தாலும் அதைத் தடுக்க முடியாது.

மெத்தை, ஜமுக்காளம், கம்பளி, துணி நிறைந்த அலமாரி, புத்தக அடுக்கு ஆகியவை எதிரொலியை உறிஞ்சும். ஆகவே, பாடகரின் முதுகுக்குப் பின்னால் தடித்த கம்பளியைத் தொங்கவிடலாம். பக்கச் சுவரில் மெத்தையைச் சாய்த்து வைக்கலாம். மறுபடியும் கை தட்டினால் வித்தியாசம் தெரியும்.

முட்டை அட்டையைச் சுவர் முழுவதும் ஒட்டுகிறார்கள் சிலர். அது வெளிச் சத்தத்தை நிறுத்தாது. எதிரொலியையும் அதிகம் குறைக்காது. எளிதில் தீப்பிடிக்கும் ஆபத்து வேறு!

எதிரொலி வேறு, வெளிச் சத்தம் வேறு. எதிரொலிக்குத் துணி போதும். வெளிச் சத்தத்தைத் தடுக்கக் கனமான சுவரும், இடுக்கு இல்லாத கதவும் வேண்டும். கதவின் அடியில் பழைய துணியைச் சுருட்டி வைத்தாலே சத்தம் கொஞ்சம் அடங்கும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். குளிர்ப்பெட்டியின் உறுமலையும் மறந்துவிடக்கூடாது.

அருவிக்குப் பக்கத்தில் வீடு

தென்காசியிலிருந்து குற்றாலம் சுமார் 5 கிலோ மீட்டர். ஆனால் பாட்டுப் பதிவுக்கு இரண்டு ஊரும் இரண்டு உலகம்.

தென்காசியில் பஸ் ஹாரனும் கடைத்தெரு இரைச்சலும் தொல்லை. அவை வந்து வந்து போகும். இரவு 11 மணிக்கு மேலும், விடியற்காலையிலும் தெரு அடங்கிவிடும். அந்த நேரத்தில் பதிவு செய்யலாம்.

குற்றாலத்தில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை சீசன். தென்மேற்குப் பருவக்காற்று மலை இடைவெளி வழியே வந்து சாரலைத் தூவும். பேரருவியும் ஐந்தருவியும் கொட்டும். குளிக்க வருகிறவர்களுக்கு அது ஆனந்தம். பக்கத்து வீட்டில் மைக் வைத்திருப்பவருக்கோ அது சோதனை! இரவு பகல் என்று பாராமல் 'சோ' என்ற ஒரே சத்தம்.

அதைக் கம்ப்யூட்டரில் நீக்கிவிடலாம் என்று நினைப்பது தப்புக் கணக்கு. அருவியின் ஓசையில் கீழ்க் குரலும் உண்டு, மேல் குரலும் உண்டு. அதை அழித்தால் பாடுகிறவரின் குரலும் கூடவே தேயும். அருவிப் பக்கத்து ஜன்னலை மூடி, உள் அறையில் பதிவு செய்வதே வழி. அவசரம் இல்லாத வேலையை சீசன் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

எந்த மைக் நல்லது?

மைக்கில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்று டைனமிக். இன்னொன்று கண்டென்சர்.

டைனமிக் மைக்கில் ஒரு மெல்லிய தகடும், அதோடு சேர்ந்த கம்பிச் சுருளும், ஒரு காந்தமும் உண்டு. குரல் பட்டதும் தகடு அதிரும். சுருள் காந்தத்தின் பக்கத்தில் ஆடும். அதில் மின்சாரம் பிறக்கும். மேடைகளில் பாடகர்கள் கையில் பிடிப்பது பெரும்பாலும் இதுதான். கீழே விழுந்தாலும் சுலபமாகக் கெடாது. தூரத்துச் சத்தத்தை அதிகம் வாங்காது.

கண்டென்சர் மைக்கில் மிக மெல்லிய சவ்வு இருக்கும். அது வேலை செய்ய மின்சாரம் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் 48 வோல்ட். மூச்சு விடுவது கூட அதில் பதிவாகும். சத்தம் இல்லாத நல்ல அறையில் அது அருமையான கருவி. ஆனால் அடுத்த வீட்டு மிக்சியையும் அது விடாது! ஈரக்காற்றும் அதற்கு ஆகாது.

ஆகவே சாரல் அடிக்கும் ஊரில், சாதாரண வீட்டில், முதல் மைக் டைனமிக்காக இருப்பதே புத்திசாலித்தனம். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் தூரம் போதும். தூரத்தைப் பாதியாகக் குறைத்தால், மைக்கில் விழும் குரலின் அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காகும். வெளிச் சத்தமோ இருந்தபடியே இருக்கும். வேலை முடிந்ததும் மைக்கைத் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைக்க வேண்டும்.

'ப' என்ற எழுத்தைச் சொல்லும்போது வாயிலிருந்து காற்று வெடித்து வரும். அது மைக்கில் 'தொப்' என்று விழும். மெல்லிய நைலான் துணியை ஒரு வளையத்தில் இழுத்துக் கட்டி, மைக்குக்கு முன்னால் வைத்தால் அது நின்றுவிடும்.

பெட்டியும் ஹெட்போனும்

மைக்கையும் கம்ப்யூட்டரையும் இணைக்க ஒரு சிறு பெட்டி வேண்டும். அதற்கு ஆடியோ இன்டர்பேஸ் என்று பெயர். குரலை அது எண்களாக மாற்றும். ஒரு வினாடியில் 44 ஆயிரத்து 100 தடவை குரலை அளந்து எழுதும். அத்தனை வேலையையும் விலை குறைந்த பெட்டியே இன்று நன்றாகச் செய்கிறது. ஒரு பாடகருக்கும் ஒரு வாத்தியத்துக்கும் இரண்டு மைக் துளை உள்ள பெட்டி போதும். எட்டுத் துளைப் பெட்டி வாங்கி, ஆறு துளையைச் சும்மா வைத்திருப்பதில் என்ன பெருமை?

பதிவின்போது அளவு காட்டும் விளக்கு சிவப்பைத் தொடவே கூடாது. தொட்டால் குரல் கிழிந்துவிடும். கிழிந்ததைப் பிறகு தைக்க முடியாது.

பதிவு செய்யும் மென்பொருளுக்கும் காசு தேவை இல்லை. 2000-ம் ஆண்டு வெளிவந்த ஆடாசிட்டி இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது.

பெரிய ஸ்பீக்கர் பிறகு வாங்கலாம். சரி செய்யாத அறையில் ஸ்பீக்கர் பொய் சொல்லும். காதை மூடும் நல்ல ஹெட்போன் ஒன்று முதலில் போதும். பாடும்போது பின்னணி இசை மைக்குக்குள் போகாமலும் அது காக்கும்.

ஹெட்போனுக்குள் இருக்க வேண்டியது பழகிய காது! குற்றாலத்தில் வாழ்ந்து 1954-ம் ஆண்டு மறைந்த டி.கே.சிதம்பரநாத முதலியாரை ஊரார் 'ரசிகமணி' என்றார்கள். ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அதன் சுவையை மற்றவர்களுக்குக் காட்டியவர் அவர். ரசிக்கத் தெரிந்ததே அவருடைய பெருமை. அந்தக் காது கடையில் கிடைக்காது.

20 ஆயிரம் ரூபாய் கணக்கு

கம்ப்யூட்டர் ஏற்கனவே இருக்கும் வீட்டுக்கு 20 ஆயிரம் ரூபாய் போதும். அதை இப்படிப் பிரிக்கலாம்:

மைக்குக்கு 4 ஆயிரம். பெட்டிக்கு 6 ஆயிரம். ஹெட்போனுக்கு 4 ஆயிரம். ஸ்டாண்டு, கேபிள் ஆகியவற்றுக்கு 2 ஆயிரத்து 500. கம்பளி, திரைக்கு 1,500. மீதி 2 ஆயிரத்தைத் தொடக்கூடாது. கேபிள் அறுந்தால் அது உதவும்.

விலை கடைக்குக் கடை மாறும். ஆனால் இந்தப் பங்கீட்டை மாற்ற வேண்டாம். மொத்தப் பணத்தையும் மைக்கில் கொட்டிவிட்டு, ஓட்டை கேபிளில் இணைப்பது பட்டுச்சேலைக்கு நைந்த நூலில் தையல் போடுவது போன்றது.

இந்த 20 ஆயிரமும் கையில் இல்லையா? செல்போனில் தொடங்கலாம். கம்பளி கட்டிய அறையில், ஒரு சாண் தூரத்தில், செல்போனில் பாடிய பாட்டு கேட்கக் கூடியதாகவே இருக்கும். ஆறு மாதம் பழகட்டும். அதற்குள் பணமும் சேரும்.

ரகுமானின் தாய் கொடுக்கவில்லையா?

"ஏ.ஆர்.ரகுமானின் தாய் நகையைக் கொடுக்கவில்லையா?" என்று மகன் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

கொடுத்தார். வீட்டோடு ஸ்டூடியோ கட்டியபோது கருவி வாங்கப் பணம் இல்லை என்றும், தாயார் கரீமா பேகத்தின் நகையால்தான் முதல் ரெக்கார்டர் வந்தது என்றும் ரகுமானே சொல்லியிருக்கிறார். 1992-ம் ஆண்டு 'ரோஜா' படப் பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன.

ஆனால் கதையின் முன்பாதியையும் பார்க்க வேண்டும். ரகுமானின் ஒன்பதாவது வயதில் தந்தை ஆர்.கே.சேகர் இறந்துவிட்டார். தந்தையின் வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் பிழைத்தது. பள்ளிப் பருவத்திலேயே ரகுமான் மற்ற இசை அமைப்பாளர்களிடம் கீ-போர்டு வாசித்துச் சம்பாதித்தார். தொழிலைப் பல ஆண்டு கற்ற பிறகுதான் அந்த நகை வந்தது. கற்ற கைக்குத் தாய் கொடுத்த துணை அது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: வேலை கேட்டு யாராவது வாசலில் நிற்கிறார்களா? நின்றால், கடன் ஒரு முதலீடு. யாரும் நிற்கவில்லை என்றால், அது சூதாட்டம்! வேலை முதலில் வரட்டும். கடன் பிறகு வரட்டும்.

அமெரிக்காவில் பில்லி ஐலிஷ் என்ற இளம்பெண்ணும் அவருடைய அண்ணனும் படுக்கை அறையில் ஓர் ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். 2020-ம் ஆண்டு அதற்குச் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. அங்கேயும் அறை சிறியதுதான். பாட்டுதான் பெரியது.

ஆச்சி பாடட்டும்

இன்னொரு விஷயமும் உண்டு. எதைப் பதிவு செய்வது?

இந்த மண்ணில் பாட்டுக்குப் பஞ்சம் இல்லை. திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடிய ஊர் இது. காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் பிறந்த சென்னிகுளம் இன்று தென்காசி மாவட்டத்தில்தான் இருக்கிறது. கோவில் கொடைகளில் வில்லுப்பாட்டு முழங்குகிறது.

வில்லுப்பாட்டுக் குழுவை ஒரே மைக்கில் பதிவு செய்ய முடியுமா? முடியும். 1902-ம் ஆண்டின் வித்தைதான்! வீசுகோல் அடிக்கும் வில்லும் குடமும் சத்தம் பெரியவை. அவற்றைத் தள்ளி வைக்க வேண்டும். பாடுகிறவரையும் பின்பாட்டுக்காரரையும் மைக்குக்கு அருகே உட்கார வைக்க வேண்டும். இரண்டு நிமிடம் பதிவு செய்து கேட்டுப் பார்த்து, ஆளை ஒரு அடி முன்னே பின்னே நகர்த்தினால் சரியாகிவிடும்.

வீட்டுக்குள்ளேயே ஆச்சி இருக்கிறாள். அவளுக்குத் தாலாட்டு தெரியும், கும்மிப் பாட்டு தெரியும், நடவுப் பாட்டு தெரியும். அவற்றில் பல எந்தப் புத்தகத்திலும் ஏறாதவை. ஒரு மணி நேரம் அவள் பாடினால், நல்ல தரத்திலேயே 500 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வைத்தால் பேரன் காலத்துக்கும் இருக்கும்.

விலை உயர்ந்த மைக் வரட்டும் என்று அடுத்த வருஷம் வரை காத்திருக்கலாம். மைக் அடுத்த வருஷமும் கடையில் இருக்கும். ஆச்சி?

ஆகவே அந்த மாடி அறையில் இன்றைக்கே கம்பளியைக் கட்டட்டும் மகன். மின்விசிறியை நிறுத்தட்டும். ஆச்சியைக் கைப்பிடித்து அழைத்து வந்து உட்கார வைக்கட்டும். தாய் கதவைச் சாத்தட்டும், வளையல் அணிந்த கையாலேயே!