எரியாத குப்பையும் எரிஉலை நிபுணர்களும்

கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கில், நாளொன்றுக்கு 2,100 டன் குப்பையைக் கையாண்டு மின்சாரம் எடுக்கும் எரிஉலைத் திட்டத்தை ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் நிறைவேற்றுவதெனச் சென்னை மாநகராட்சி கொண்டிருக்கும் சங்கற்பத்தை எதிர்த்து, 2025 மே மாதத்தில் வடசென்னை ஜனங்கள் மனிதச் சங்கிலியாய் நின்றார்கள். மேல்நாடுகளில் இது நடக்கவில்லையா, புகையை வடிகட்டிவிடமாட்டோமா என்பதே அவர்களுக்குச் சொல்லப்படும் சமாதானம். புகையைப் பற்றிய விவாதம் அவசியமானதே. ஆயினும் அதற்கும் முந்தியதான கேள்வி, இந்தக் குப்பை எரியுமா என்பது.

கோயம்பேட்டுச் சந்தையில் விடியற்காலையில் லாரியேறும் கழிவைக் கண்டவர்களுக்கு இதில் சந்தேகம் இராது. வாழைத்தண்டு, முட்டைக்கோஸ் இலை, அழுகிய தக்காளி, வாடிய சாமந்தி. லாரி நகர்ந்தால் பின்னாலேயே தெருவில் நீர்க்கோடு விழும். வீட்டுக் குப்பையோ மிஞ்சிய சோறும், குழம்பு வண்டலும், பிழிந்த தேங்காய்ச் சக்கையும். நமது நகரக் குப்பையில் ஏறக்குறையப் பாதி நீரே. ஒரு கிலோ நீரை ஆவியாக்க மாத்திரம் சுமார் 600 கிலோ கலோரி உஷ்ணம் செலவாகுமாதலால், 2,100 டன்னில் பாதியென்றால், தினந்தோறும் ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட நீரைக் கொதிக்கவைத்து ஆகாயத்துக்கு அனுப்பிய பிறகே மின்சாரத்தைப் பற்றிப் பேச முடியும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் இந்தக் கணக்கு என்னவாகும் என்று கேட்டால், பதில் சொல்லவேண்டியவர்கள் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

இதை நாம் ஏற்கெனவே ஒருமுறை பரீட்சித்துப் பார்த்தாயிற்று. தில்லியில் திமார்ப்பூரில் 1987-ல் டென்மார்க்கின் சகாயத்துடன் ஓர் எரிஉலை எழுந்தது. நாளொன்றுக்கு 300 டன் குப்பை, 3.75 மெகாவாட் மின்சாரம் என்பது திட்டம். கிலோவுக்கு 1,462 கிலோ கலோரி எரிதிறன் உள்ள குப்பை வருமென்று நம்பி யந்திரத்தை வகுத்திருந்தார்கள். வந்து சேர்ந்ததோ 600, 700 கிலோ கலோரிச் சரக்கு. யந்திரத்தில் பழுதில்லை; அடுப்புக்குத் தக்க விறகுதான் இல்லை. சில வாரச் சோதனை ஓட்டத்துக்குப் பின் உலை அணைந்தது. 1990-ல் நிலையத்தையே மூடினார்கள். 1,462-க்கும் 700-க்கும் இடையே உள்ள இந்த வித்தியாசத்தைக் காட்டிலும் சிறந்த பொறியியல் பாடம் இத்துறையில் இல்லை என்பது என் அபிப்பிராயம். இன்று எரிஉலைக்காக வாதாடுவோர் கோபன்ஹேகனில் உலையின் கூரைமீது பனிச்சறுக்கு விளையாடுவதை வருணிக்கிறார்கள். அதே தேசத்தார் கட்டித் தந்த திமார்ப்பூரை மட்டும் மறந்துபோகிறார்கள்.

அதே தில்லியில், ஓக்லாவில் 2012 முதல் உலை ஓடுகிறதே என்பர். அதைச் சாட்சிக்கு அழைப்பவர்கள், அக்கம்பக்கத்து ஜனங்கள் தொடுத்து நடத்திய வழக்குகளையும் சேர்த்தே அழைக்கட்டும். ஈரத்தை முன்கூட்டியே உலர்த்திவிடுவோம் என்பதும், மட்கும் குப்பையைப் பிரித்துவிட்டு மீதியை எரிப்போம் என்பதும் அடுத்த சமாதானங்கள். வீட்டில் பிரித்துக் கொடுத்த குப்பை வண்டியில் மறுபடி ஒன்றாகிவிடும் ஊரில் யார் பிரிப்பது? மெய்யாகவே பிரித்துவிட்டாலோ, மட்கியது உரமாகும், காகிதமும் பிளாஸ்டிக்கும் பழைய பேப்பர்க் கடைக்குப் போகும். உலைக்கு மிஞ்சுவது கிழிந்த ரெக்சினும் தெர்மாகோலுமே. பிரிக்காவிட்டால் எரியாது, பிரித்தால் எரிக்க வேண்டியதில்லை. இந்தச் சாதாரணத் தர்க்கத்தைத் தாண்டுவதற்கு எந்த ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கையும் உதவாது.

உஷ்ணம் 850 டிகிரிக்குக் குறைந்தால் டையாக்ஸின் முதலிய விஷங்கள் முற்றாக அழிவதில்லை என்பதனால், ஈரக் குப்பை வெறும் மின்சார நஷ்டத்தோடு போவதன்று, சுவாசத்திலும் கைவைப்பது. அதைச் சுவாசிக்கப் போகிறவர்கள் வியாசர்பாடியிலும் எருக்கஞ்சேரியிலும் உள்ளவர்கள். 2009-லேயே மிகக் கடுமையாக மாசுற்றதென மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகைப்படுத்திய மணலியின் காற்றை ஏற்கெனவே பகிர்ந்துகொள்பவர்கள். தென்சென்னையில் இப்படியோர் உலைக்கு இடம் தேடும் துணிவு எவருக்காவது உண்டா என்பது தனி விஷயம்.

மாநகராட்சி முதலில் செய்யவேண்டியது, ஒவ்வொரு மண்டலத்துக் குப்பையின் ஈரத்தையும் எரிதிறனையும் மாதவாரியாக, நவம்பரைத் தவிர்க்காமல், அளந்து பிரசுரிப்பது. பிரசுரித்தால் எந்த எண் வருமென்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. கொடுங்கையூரில் மட்டுமன்று, சமையலறை ஈரம் குப்பையில் கலக்கும் எந்த இந்திய நகரத்திலும் இவ்வுலை ஆகாது. திட்டத்தை இப்போதே கைவிடுவது விவேகம்.