கனிமம் கொழிக்கும் மண்ணில் ஏன் வறுமை?

தமிழகத்தின் கட்டுமானப் பணியிடங்களிலும் பின்னலாடை ஆலைகளிலும் உழைப்போரில் கணிசமானோர் பிகார், ஜார்க்கண்ட், ஒடிஸா மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். நிலக்கரியும் இரும்புத்தாதுவும் நிறைந்த கிழக்கிந்தியாவின் மக்கள், பிழைப்புக்காக ஆயிரம் மைல் பயணம் செய்வது ஏன்?

எடை மிகுந்த மூலப்பொருள் கிடைக்கும் இடத்தை ஒட்டியே ஆலைகள் அமையும் என்பது பொருளாதாரப் புவியியலின் அடிப்படைப் பாடம். 1907-இல் தொடங்கப்பட்ட டாடா இரும்பு நிறுவனம் சுவர்ணரேகா ஆற்றங்கரையைத் தேர்ந்தெடுத்ததும் இதனால்தான். அருகில் தாது, ஜாரியாவில் நிலக்கரி, ஆற்றில் நீர். அவ்வுருக்கைக் கொண்டு இயந்திரங்கள் செய்யும் ஆலைகளும் அங்கேயே பெருகியிருக்க வேண்டும்.

ஆனால், 1950-களில் மத்திய அரசு கொண்டுவந்த சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கை இந்த இயற்கைச் சாதகத்தை முறித்தது. ஆலையின் வாசலில் வாங்கினாலும், ஆயிரம் மைல் தொலைவில் வாங்கினாலும் உருக்கின் விலை ஒன்றே. தொழில் பரவலாக வேண்டும் என்ற நோக்கம் நல்லதே. ஆனால், பருத்தி போன்ற பிற பகுதிகளின் மூலப்பொருள்களுக்கு இத்தகைய சமன்பாடு இல்லை. துறைமுகமும் சந்தையும் அருகிலிருந்த மேற்கும் தெற்கும் பயனடைந்தன. கிழக்கில் சுரங்கங்களே மிஞ்சின. 1990-களின் தொடக்கத்தில் இக்கொள்கை கைவிடப்பட்டபோது, தொழில்கள் வேறிடங்களில் வேரூன்றிவிட்டன.

இது ஒன்றே காரணம் என்று கூறுவது மிகையாகும். நிலவுடைமை முறை, கல்வியில் பின்தங்கியமை, நிர்வாகச் சீர்கேடு ஆகியவற்றுக்கும் பங்குண்டு. தமிழகத்தின் வளர்ச்சியில் நம் கல்விக் கூடங்களுக்கும் தொழில் முனைவோருக்கும் உரிய இடத்தை எவரும் மறுக்க இயலாது. எனினும், கிழக்கு இழந்த சாதகத்தில் நமக்கும் ஒரு பங்கு கிடைத்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

கனிமத்தின் மீது மாநிலங்களுக்கு உள்ள உரிமையும் நெடுங்காலம் முடங்கிக் கிடந்தது. உரிமத் தொகையும் ஒரு வரியே என 1989-இல் தமிழ்நாடு தொடர்பான வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஜூலையில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 8-க்கு 1 என்ற பெரும்பான்மையில் அதை மாற்றி, கனிம உரிமை மீது வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்றது. தமிழகமும் அதே ஆண்டில் கனிம நில வரிச் சட்டத்தை இயற்றியது.

ஆனால், வருவாய் பெருகினால் மட்டும் வறுமை தீராது. பாதிக்கப்பட்ட மக்களின் நலனுக்காக 2015 முதல் மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் இருக்கின்றன. அப்பணம் அலுவலகக் கட்டடங்களாக மாறாமல், சுரங்க ஓரத்துச் சிற்றூர்களின் பள்ளியாகவும் குடிநீராகவும் மருத்துவமனையாகவும் மாற வேண்டும். தாதுவைத் தோண்டி அனுப்புவதோடு நில்லாமல், அதைப் பொருளாக்கும் தொழில்கள் அங்கே அமைய வேண்டும்.

மத்திய வரிப் பகிர்வில் தமிழகம் நியாயமான பங்கைக் கோருவது சரியானதே. அக்கோரிக்கை வலுப்பெற வேண்டுமெனில், நாம் தந்ததை மட்டுமன்றிப் பெற்றதையும் ஏட்டில் எழுத வேண்டும். நம் ஊர்ச் சாரத்தில் நின்று செங்கல் அடுக்கும் ஜார்க்கண்ட் இளைஞரின் பெயரும் அந்த ஏட்டில் உண்டு.