பாட்டில் நிறைய இருந்தால் போதுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. கோபமும் கொஞ்சம் இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

பிறந்தநாளுக்குப் பிள்ளைகளுக்கு ஹாம்ஸ்டர் வாங்கிக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளுக்கும் வந்துவிட்டது. கூண்டு, சக்கரம், பொம்மை வீடு என்று ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறீர்கள். தண்ணீர் பாட்டில் மட்டும் கூண்டோடு இனாமாக வந்த மெல்லிய பிளாஸ்டிக். "தண்ணி வெச்சாச்சா?" என்று கேட்டால், "பாட்டில் நிறைய இருக்கே சார்" என்கிறீர்கள். இந்தப் பதிலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

என் அறிவியல் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்குக் காற்றழுத்தம் நினைவிருக்கும். தலைகீழாகத் தொங்கும் அந்தப் பாட்டிலில் தண்ணீரைத் தாங்கி நிற்பது வெளிக்காற்றின் அழுத்தம்தான். குழாய் நுனியில் இருக்கும் உருண்டையை ஹாம்ஸ்டர் நக்கி நகர்த்தும்போது ஒரு சொட்டு வெளியே வரும், கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று குமிழியாக உள்ளே போகும். உருண்டை சிக்கிக்கொண்டாலோ, குழாயில் காற்று அடைத்துக்கொண்டாலோ சொட்டுகூட வராது. அப்போது பாட்டில் நிறைந்தேதான் இருக்கும்! உள்ளே இருக்கும் உயிர் தாகத்தில் துடிக்கும். அது குடிப்பதோ பெரும்பாலும் இரவில், நீங்கள் தூங்கும்போது.

சரி, மட்டம் குறைந்தால் குடித்துவிட்டது என்று சொல்லலாமா? அதுவும் முடியாது. மூடியின் வாஷர் தளர்ந்தால் ஒழுகும். சித்திரை வெயிலில் பாட்டிலுக்குள் இருக்கும் காற்று விரிந்து தண்ணீரை வெளியே தள்ளும். பாட்டில் காலி, படுக்கை ஈரம், ஹாம்ஸ்டர் குடித்ததோ ஒன்றுமில்லை.

"அது பாலைவன எலிதானே சார், தண்ணி அவ்வளவா வேண்டாம்" என்று ஒருவர் வாதாடினார். நம் வீடுகளில் அதிகம் வளரும் சிரிய ஹாம்ஸ்டரின் முன்னோர்களை 1930-இல் அலெப்போ அருகே ஒரு கோதுமை வயலில் தோண்டி எடுத்தார்கள். வயலில் பச்சை இலையும் பனியும் கிடைக்கும். நீங்கள் போடுவது காய்ந்த விதை. இரண்டும் ஒன்றா?

இன்னொருவர் கணக்கே போட்டுவிட்டார். 100 கிராம் எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 10 மில்லி தண்ணீர். ஆகவே 250 மில்லி பாட்டில் மூன்று வாரத்துக்கு மேல் வருமாம். கணக்குக்கு முழு மதிப்பெண். ஆனால் மூன்று வாரம் ஒரே பாட்டிலில் கிடந்த தண்ணீரை நீங்கள் குடிப்பீர்களா? உள்ளே வழவழவென்று பிசுக்குப் படியும், வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும்.

எதை வாங்குவது? கண்ணாடி பாட்டில், எவர்சில்வர் குழாய். ஹாம்ஸ்டரின் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்பவை, எட்டியதையெல்லாம் கொறிக்கும். 'பிபிஏ இல்லாதது' என்று லேபிள் ஒட்டியிருந்தாலும், கொறித்து விழுங்கிய பிளாஸ்டிக் துண்டு வயிற்றுக்கு நல்லதாகிவிடாது. பிளாஸ்டிக்தான் கிடைத்தது என்றால் பாட்டில் கூண்டுக்கு வெளியே தொங்கட்டும், குழாய் மட்டும் உள்ளே நீளட்டும். தலையைச் சற்று உயர்த்தினால் எட்டும் உயரத்தில் நுனி இருக்க வேண்டும். கூடவே, கவிழாத கனமான சிறு பீங்கான் கிண்ணத்தில் ஆழமில்லாமல் தண்ணீர் வையுங்கள். தூள் விழுந்து அழுக்காகும்தான். அழுக்கானால் மாற்றுங்கள், ஒன்று பழுதானால் மற்றொன்று காப்பாற்றும்.

தினமும் தண்ணீரை மாற்றுங்கள். பாட்டிலையும் குழாயையும் பிரஷ் விட்டுத் தேய்த்து, சோப்பு வாடை போக அலசுங்கள். மாட்டியதும் உருண்டையை விரலால் தொட்டுப் பாருங்கள். விரல் நனைய வேண்டும். இதற்குப் பத்து விநாடி போதும்.

பிள்ளைக்கு மறந்துபோகும், அது பிள்ளை. கூண்டை வாங்கி வந்த பெரியவர்கள் மறக்கக் கூடாது. அந்தப் பத்து விநாடிக்கு நேரமில்லாத வீட்டில் பிறந்தநாளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். அதற்குத் தாகம் எடுக்காது.