வேதக்காரரின் தவக்காலம்

தவக்காலம் பிறந்ததும் நம்முடைய பங்குகளில் ஒரு அட்டை கைக்கு வரும். நாற்பது நாள், நாற்பது வாசகம், தினம் கால் மணி நேரம். கறியை விடு, சீரியலை விடு, பைபிளை எடு. "வருசம் பூரா தூசி படிஞ்சு கெடக்குற வேதாகமத்த இந்தத் தவசு காலத்துலயாவது தெறங்க" என்று பூசையில் சாமியார் சொல்வார். நல்ல சொல்தான். திறக்க வேண்டும் என்பதில் நமக்குச் சண்டையில்லை. எங்கே உட்கார்ந்து திறப்பது, யார் சத்தம் போட்டு வாசிப்பது, வாசித்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் சண்டை.

முதலில் இந்த இரண்டு சொற்களைப் பாருங்கள். தவம், வேதம். இரண்டுமே நமக்கு இல்லை என்று மறுக்கப்பட்டவை. தவம் செய்தான் என்ற ஒரே குற்றத்துக்காகச் சம்பூகனின் தலையை ராமன் வெட்டினான் என்று உத்தரகாண்டம் பெருமையோடு சொல்கிறது. வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்றச் சொல்கிறது கௌதம தர்ம சூத்திரம். ஓதினால் நாக்கை அறுக்கச் சொல்கிறது. சூத்திரனுக்கே இந்தக் கதியென்றால் சேரிக்காரனைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. அப்பேர்ப்பட்ட நாட்டில் நம்மைப் பார்த்து ஊர்க்காரன் "வேதக்காரப் பயலுவ" என்று கூப்பிட்டான். வேதக்கோயில், வேதப் பள்ளிக்கூடம், வேதக்காரத் தெரு. ஏளனமாகச் சொன்னானோ எப்படிச் சொன்னானோ, அவன் வாயாலேயே வேதம் நம் பெயரில் ஒட்டிக்கொண்டது. இதைவிடப் பெரிய கலகம் தமிழ்ச் சொல் வரலாற்றில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் கொடுத்தவர்கள் கலகம் செய்யத்தான் கொடுத்தார்களா? 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் நொபிலி பிராமண சந்நியாசி வேடத்தில் வாழ்ந்தார். பூணூலை அனுமதித்தார். 1640 வாக்கில் தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று தனியாகப் பண்டாரசாமிகள் ஏற்படுத்தப்பட்டார்கள். வேதம் ஒன்று, சாமியார் ரெண்டு. 1714-ல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு நான்கு நற்செய்திகளையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் சேர்த்து 'அஞ்சு வேதபொஸ்தகம்' என்று அச்சடித்தார். அச்சில் ஏறிய புத்தகத்துக்குத் தீட்டுக் கிடையாது, எவன் கைக்கும் போகும் என்பது உண்மைதான். புத்தகத்தை வைத்திருந்த சபைகளில் பாய் தனித்தனியாகவே கிடந்தது. கத்தோலிக்கர்களான நமக்கோ இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962-65) கூடுகிற வரைக்கும் பூசை லத்தீனில் நடந்தது.

அதனால் நம் கிழவிகளுக்கு வேதம் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். என் பாட்டி கைநாட்டு. தவசு காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதையின் பதினாலு தலத்தையும் மனப்பாடமாகச் சொல்லும். நாலாம் தலத்தில், தாய் மகனைச் சந்திக்கிற இடத்தில், புத்தகத்தில் இருப்பதை விட்டுவிட்டு ஒப்பாரி கட்டத் தொடங்கிவிடும். "பெத்த வயிறு பத்தி எரியுதே" என்று அது இழுக்கும்போது தெருவே அழும். பண்ணை வீட்டில் கட்டிவைத்து அடிக்கப்பட்ட நம் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் அந்த அழுகை. உபதேசியார் "பொஸ்தகத்துல இல்லாதத சொல்லாத ஆத்தா" என்று அதட்டுவார். பொஸ்தகத்தில் இல்லையா? இருந்தது. உபதேசியாருக்குத்தான் தெரியவில்லை. மறுவாசிப்பு, மாற்று வாசிப்பு என்று இன்றைக்கு நாம் கருத்தரங்கில் பேசுவதை அந்தக் கைநாட்டுக் கிழவி முக்காடு போட்டுக்கொண்டு செய்தது. 1992-ல் 'கருக்கு' எழுதிய பாமா, பனங்கருக்கையும் எபிரேயர் திருமுகம் சொல்கிற இரண்டு பக்கமும் வெட்டுகிற வாளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததும் இதே வாசிப்பு மரபில் வந்ததுதான்.

இப்போது அந்த அட்டைக்கு வருவோம். விபூதிப் புதனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை திருச்சபை என்ன வாசிக்கச் சொல்கிறது? எசாயா 58. ஆண்டுதோறும் இதுதான். உபவாசம் இருக்கிற அன்றைக்கே கூலியாளைக் கசக்கிப் பிழிகிறாயே, இந்தப் பட்டினி யாருக்கு வேண்டும் என்று கடவுள் காறித் துப்புகிற பகுதி. நுகத்தடியை முறி, கட்டுகளை அவிழ், பசித்தவனோடு சோற்றைப் பங்கிடு, அதுதான் எனக்குப் பிடித்த நோன்பு என்கிறார். இதை வாசித்துவிட்டு மறையுரையில் என்ன சொல்கிறார்கள்? கோபத்தை விடுங்கள், பொறாமையை விடுங்கள், வாரத்துக்கு ஒரு நாள் காப்பியை விடுங்கள். நுகத்தடி என்றால் மனசுக்குள் இருக்கிற ஏதோ ஒன்றாம்! ஏர் பூட்டிய கழுத்துக்குத் தெரியும் நுகத்தடி என்னவென்று. ஆன்மிக வாசிப்பு என்கிற பெயரில் வாசகத்தின் பல்லைப் பிடுங்கிவிட்டுத்தான் அதை நம் கையில் கொடுக்கிறார்கள். வழக்கத்தைப் புதுப்பிக்கச் சொல்கிறவர்கள் பல்லில்லாத வழக்கத்தைத்தான் புதுப்பிக்கச் சொல்கிறார்கள்.

இன்னொரு தேதியையும் சொல்கிறேன். 2008 மார்ச் 9. தவக்காலத்து ஐந்தாம் ஞாயிறு. வாசக வட்டத்தில் அது முதலாம் ஆண்டு. கல்லறைகளைத் திறந்து உங்களை வெளியே கொண்டுவருவேன் என்கிற எசேக்கியேல் வாசகம், பிறகு இலாசர் உயிர்த்தெழுந்த நற்செய்தி. உலகம் பூராவும் அன்றைக்குக் கத்தோலிக்கக் கோயில்களில் கல்லறைக் கதைதான். அன்றைக்குத்தான், அன்றைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில், சேரி வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. தலித் கிறித்தவர்கள் கேட்டது என்ன? செத்தவர்களை எல்லாரும் போகிற பாதையில் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். பாகுபாட்டை ஒழிக்க முடியாதென்றால் எங்களைத் தனிப் பங்காகப் பிரித்துவிடுங்கள். அவ்வளவுதான். அடித்தவர்களும் அதே மாதாவைக் கும்பிடுகிற, அதே நன்மை வாங்குகிற வன்னியக் கிறித்தவர்கள். போலீஸ் சுட்டதில் அவர்கள் பக்கத்தில் இரண்டு பேர் செத்தார்கள். அந்தச் சாவும் சாவுதான், அதில் நமக்கு மகிழ்ச்சி இல்லை. ஆனால் கேட்கிறேன்: அன்று காலையில் அவர்கள் காதில் விழுந்த வேதம் எங்கே போயிற்று?

இலாசர் கதையைச் சேரியில் உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். செத்தவனை எழுப்பத் தெரிந்தவருக்குக் கல்லைப் புரட்டத் தெரியாதா? புரட்டவில்லை. சுற்றி நின்றவர்களைப் பார்த்துப் புரட்டச் சொன்னார். நாலு நாளாயிற்று, நாறுமே என்று மார்த்தா தடுத்தாள். நாறட்டும், புரட்டு. அவன் வெளியே வந்த பிறகும் கட்டை அவிழ்க்கிற வேலையைத் தான் செய்யாமல் ஊர்க்காரர்களிடம்தான் விட்டார். பிணத்துக்குக்கூடப் பாதை விடாதவர்கள் இந்த வாசகத்துக்கு முழந்தாளிடுகிறார்கள் என்றால் அவர்கள் வாசிக்கவில்லை, வாயசைத்தார்கள் என்றுதான் பொருள்.

இந்த வழக்கத்துக்கு நாம் கொடுக்கிற விலையும் வேறு. ஆதிக்கசாதிக் கிறித்தவன் பைபிளைத் திறந்தால் புண்ணியம். நாம் திறந்தால் சாதிச் சான்றிதழ் போகும். 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி பட்டியல் சாதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-ல் சீக்கியர்களுக்கும் 1990-ல் பௌத்தர்களுக்கும் திறந்தது. நமக்குத் திறக்கவில்லை. மத நிபந்தனையை நீக்கச் சொல்லி 2007-லேயே ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அறிக்கை கொடுத்தது. 2022-ல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் ஒரு பெண்ணுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழை மறுத்தது. ஞானஸ்நானம் பெற்றதும் ஒழுங்காகக் கோயிலுக்குப் போவதும் எதிர்ச் சாட்சியாக எடுத்துக்கொள்ளப்பட்டன. பக்தி வழக்கம் என்பது நமக்கு நீதிமன்றத்தில் ஆவணம், தெரிந்துகொள்ளுங்கள். தாசில்தார் ஆபீசிலிருந்து விசாரணைக்கு ஆள் வருகிறார் என்றால் மாதா படத்தைக் கழற்றிப் பரண் மேல் வைத்துவிட்டு, பைபிளை அரிசிப் பானைக்குள் ஒளிக்கிற வீடுகள் நம் தெருவில் இருக்கின்றன. தூசி படிகிறதே என்று வருத்தப்படுகிற சாமியார் அந்தத் தூசி எந்தப் பரணில் படிந்தது என்று ஒரு தடவையாவது ஏறிப் பார்த்திருக்கிறாரா?

நம்முடைய தோழர்கள் சிலர் வேறு பக்கமிருந்து கேட்கிறார்கள்: வேதம் என்றாலே விலங்குதானே, 1927 டிசம்பர் 25-ல் மகாடில் அம்பேத்கர் மனுஸ்மிருதியைக் கொளுத்தினாரே, நீங்கள் இன்னும் பைபிளைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்களே என்று. (அது கிறிஸ்துமஸ் நாள் என்பதை எந்தச் சாமியாரும் நமக்குச் சொன்னதில்லை.) கேள்வி நியாயமானது. ஆனால் மனுவின் புத்தகம் நம்மை அடிக்கச் சொன்னது. இந்தப் புத்தகத்தில் அடிமைகள் எகிப்தை விட்டு ஓடி வருகிறார்கள். இரண்டையும் ஒரே அடுப்பில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. இதே புத்தகத்தில் அடிமையே, எசமானுக்குக் கீழ்ப்படி என்கிற பக்கங்களும் உண்டு. அந்தப் பக்கங்களையும் தெருவில் வைத்தே வாசிப்போம், நம் கிழவிகள் கேட்கிற கேள்விக்கு அவை பதில் சொல்லட்டும். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு, நம்முடைய பரட்டை, பறையையும் நாட்டார் பாட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்து காட்டினார். 2005-ல் அவர் போய்விட்டார். அவர் தொடங்கியதைத் தொடர வேண்டியவர்கள் நாம்.

ஆகவே இந்தத் தவக்காலத்தில் அட்டையைத் தனியறையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டாம். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் தெருவில் பாய் விரிப்போம். படிக்கத் தெரிந்த பெண்பிள்ளைகள் சத்தமாக வாசிக்கட்டும், பேச்சுத் தமிழில் மாற்றிச் சொல்லட்டும். நடுவில் யாராவது "நிறுத்துடி, இது நம்ம கதையாட்டம் இருக்கு" என்றால் நிறுத்தி அந்தக் கதையைக் கேட்போம். ஒரு அதிகாரத்துக்கு ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும். கோயில் வாசக மேடையில் நம் பிள்ளைகளை ஏற விடாத பங்குகளில், ஞாயிற்றுக்கிழமை முறை யாருக்கு என்று எழுதிக் கேட்போம், பதிலையும் எழுத்தில் வாங்குவோம்.

விபூதிப் புதனுக்கு அடுத்த வெள்ளி எசாயா 58-ஐ நம் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று வாசிப்பது என்று எங்கள் தெருவில் முடிவாகியிருக்கிறது. அவர்கள் கல்லறைக்கும் நம் கல்லறைக்கும் நடுவே சுவர் நிற்கிற ஊர்களில் அந்தச் சுவர் ஓரமாகவே நிற்கலாம். பங்குத்தந்தைக்கும் சொல்லி அனுப்பியாயிற்று. வருகிறவர்கள் ஆளுக்கொரு டார்ச் லைட் எடுத்து வாருங்கள், அந்தப் பக்கம் பஞ்சாயத்தில் இன்னும் தெருவிளக்குப் போடவில்லை.