மஸ்டாங்கும் மறைமலைநகரும்

சென்னையிலிருந்து வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் மறைமலைநகரைத் தாண்டித்தான் போக வேண்டும். ஃபோர்டு கார் ஆலை இருக்கும் ஊர் அது. ஆனால், 2016-ல் இந்தியாவுக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங் அமெரிக்காவில் தயாரானது. 5 லிட்டர் வி-8 இன்ஜின். எட்டு சிலிண்டர், சிங்க உறுமல். வெளிநாடுகளில் கிடைத்த 2.3 லிட்டர் டர்போ இன்ஜினுக்கு நான்கே சிலிண்டர். காற்றை அழுத்தி உள்ளே செலுத்துவதால் வேகம் உண்டு, பெட்ரோல் செலவும் குறைவு; அந்த உறுமல்தான் கிடையாது. நம் ஊருக்கு அது வரவில்லை.

மறைமலைநகர் ஆலையிலோ 2022-ல் கார் தயாரிப்பே நின்றது. இப்போது அங்கே 3,250 கோடி ரூபாயில், 2029 முதல் புதிய இன்ஜின்கள் தயாரிக்க 2025 அக்டோபரில் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. அவை எந்தக் காருக்கு என்று அப்போது ஃபோர்டு சொல்லவில்லை. 600 பேருக்கு மேல் வேலை என்று மட்டும் சொல்லியிருக்கிறது. வேலை இழந்த ஊருக்கு முதலில் வேண்டியது அதுதான்.